ரிஸ்க் சார் கேட்ட கையெழுத்து

மூன்றாம் மாடி ரிஸ்க் சார் ஆபரேஷனுக்குப் பயந்து, ஆஸ்பத்திரியின் பின்வாசல் வழியாக ஓடி வந்துவிட்டார் என்பதுதான் அந்த வாரம் குடியிருப்பில் உலவிய செய்தி. செய்திக்குக் கை கால் முளைக்கத் தனியாக எரு போட வேண்டியதில்லை. முதல் மாடியில் அவர் நடந்துதான் வந்தார். இரண்டாம் மாடிக்குச் செய்தி ஏறியபோது ஓட ஆரம்பித்திருந்தார். மொட்டை மாடியில் துணி காயப்போடும் இடத்தை எட்டிய நேரத்தில், ஒரு கையில் குளுக்கோஸ் பாட்டிலோடு காம்பவுண்டுச் சுவரை ஏறிக் குதித்துவிட்டார். அறுபத்திரண்டு வயதுக்காரர், பித்தப்பையில் மூன்று கல், செருப்பு மாட்டக் குனிவதற்கே கதவைப் பிடித்துக்கொள்கிறவர். இப்படிச் சுவர் ஏறிக் குதிக்கிற உடம்புக்கு ஆபரேஷன் எதற்கு என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

விசாரித்துப் பார்த்ததில் தேறியது இவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒன்றரை மணிக்கு அவர் பஸ்ஸிலிருந்து இறங்கியதை வாட்ச்மேன் பார்த்தார். மேலே ஆஸ்பத்திரியின் பச்சைச் சட்டை, கீழே சொந்தப் பேன்ட். மணிக்கட்டில் பெயர் எழுதிய பிளாஸ்டிக் பட்டை. கையில் ஒரு ஃபைல், ஒரு ஃபிளாஸ்க். குளுக்கோஸ் பாட்டில் இல்லை. வந்தது பின்வாசல் வழியாகவும் இல்லை. ஆஸ்பத்திரி முன்வாசல் நோட்டில் நேரம் குறித்து, ‘வெளியே செல்லும் காரணம்’ என்ற கட்டத்தில் திருத்தமான கையெழுத்தில் எழுதிவிட்டுத்தான் போயிருக்கிறார்: ‘உறவினரைத் தேட.’

ஆக, ஓடவில்லை. பயந்தாரா என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஆயுள் காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் முப்பத்திநாலு வருஷம் வேலை பார்த்தவர் ரிஸ்க் சார். மேஜைமேல் மூன்று தட்டுகள். வருகிற விண்ணப்பங்களைப் படித்து, ‘சாதாரணம்’, ‘கவனிக்க’, ‘ஹை ரிஸ்க்’ என்று பிரித்துப் போடுவதுதான் வேலை. மூன்றாவது தட்டுக்கென்று ஊதா மையில் ஒரு செவ்வக முத்திரை உண்டு. அதை அவர் ஓங்கிக் குத்தமாட்டார்; தூங்குகிற குழந்தையின் நெற்றியில் கை வைப்பது போல மெதுவாக வைத்து எடுப்பார். பாட்டில் தொழிற்சாலைக்காரர், பாம்பு பிடிக்கிறவர், ஒரு நாளைக்கு மூன்று பாக்கெட் புகைத்துவிட்டு ‘எப்போதாவது’ என்று எழுதியவர், எல்லோருக்கும் ஒரே மென்மை.

அலுவலகம் கொடுத்த பட்டப்பெயர் வீடு வரை வந்து, குடியிருப்பின் பேச்சிலும் தொற்றிக்கொண்டது. கணக்குப் பரீட்சைக்குப் போகிற பையன் ஹை ரிஸ்க். வெளியே மறந்து வைத்த பால் ஹை ரிஸ்க். “முதல் மாடி அம்மா காலையிலேருந்து ஹை ரிஸ்க்ல இருக்காங்க, வாடகை கேக்கப் போறவங்க சாயங்காலம் போங்க” என்று வாட்ச்மேன் நல்லெண்ண அறிவிப்பு கொடுப்பார். எல்லோருக்கும் அந்த வார்த்தைக்கு அர்த்தம் ஒன்றுதான்: நடந்தே தீரும். ரிஸ்க் சார் படியில் நின்று திருத்துவார். “அப்படி இல்லைங்க. மத்தவங்களைவிட வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான். நடக்காமலே போறதுதான் அதிகம்.” கேட்பவர்கள் தலையாட்டுவார்கள், அவர் ஏறிப்போகும் வரை.

வீட்டில் அவர் ஒருத்தர்தான். கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்தது. பெண்ணின் அப்பா மரியாதைக்கு “உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?” என்று கேட்க, இவர் அப்பா வழி சர்க்கரை, அம்மா வழி ரத்தக்கொதிப்பு, தன் சின்ன வயசு மஞ்சள் காமாலை என்று வருஷத்தோடு சொல்ல ஆரம்பித்தார். இரண்டாவது வீட்டில் எழுதியே கொடுத்தார். மூன்றாவது வீடு வரவில்லை. கேஸ் குமிழை மூன்று தரம் தொட்டுப் பார்ப்பார், குளியலறையில் ரப்பர் விரிப்பு, அலமாரியில் ஒரு தட்டு, ஒரு டம்ளர். இரண்டு நாற்காலிகளில் ஒன்றில் பழைய செய்தித்தாள் உட்கார்ந்திருக்கும்.

உறவு என்று சொல்ல ஒரு தங்கை. ஏழு தெரு தள்ளி வீடு. பேச்சு இல்லாமல் பதினோரு வருஷம்.

தங்கையின் கணவர் பெயிண்டர். உயரக் கட்டடங்களின் வெளிச்சுவருக்குத் தொங்குபலகையில் உட்கார்ந்து சாயம் அடிக்கிறவர். பதினோரு வருஷத்துக்கு முன் அவர் ஒரு பாலிசிக்கு விண்ணப்பித்தார். சொந்தக்காரர் விண்ணப்பம் வந்தால் பக்கத்து மேஜைக்குத் தள்ளிவிடுவது அலுவலக வழக்கம். ஆனால் பக்கத்து மேஜைக்காரர் ‘பெயிண்டர்’ என்றாலே கதவு ஜன்னல் என்று நினைத்துக்கொண்டு முதல் தட்டில் போட்டுவிடுவார். நம் மனிதருக்கு அது பொறுக்கவில்லை. தானே எடுத்துப் படித்தார், ‘வெளிச்சுவர், பத்து மாடி’ என்று ஓரத்தில் எழுதினார், ஊதா முத்திரையை மெதுவாக வைத்தார். ‘ஹை ரிஸ்க்’ என்று சொல்லிப் பாலிசியை மறுக்கும் கடிதம் தபாலில் போனது. கீழே அண்ணன் கையெழுத்து. தங்கை அதற்குப் பிறகு அந்தப் படியேறி வரவில்லை.

ஆபரேஷனுக்கு முந்தின மாதம் அவருக்கு வயிற்றுவலி வந்தது. இரண்டு முறை பொறுத்துக்கொண்டார். மூன்றாவது முறை குளியலறைத் தரையிலேயே நாலு மணி நேரம், ரப்பர் விரிப்பின்மேல். “இன்னொரு தடவை கல்லு நகர்ந்து குழாய்ல அடைச்சா என் கையில இல்ல சார்” என்றார் சர்ஜன். அவர் புதன்கிழமை சாயங்காலம் ஒரு மாத விடுமுறையில் கிளம்புகிறார். ஆகவே புதன் காலை ஆபரேஷன் என்று முடிவாயிற்று. செவ்வாய்க்கிழமை காலையில் ரிஸ்க் சார் ஒரு பையோடு தானே போய்ச் சேர்ந்தார். அங்கே ஒரு பாரத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள்.

பாரத்தை அவரிடம் கொடுத்தது ஆஸ்பத்திரியின் தவறு. எல்லோரும் ‘இல்லை’, ‘இல்லை’, ‘நார்மல்’ என்று டிக் போட்டுவிட்டுப் போகிற காகிதம் அது. இவர் பேனாவைத் திறந்தார், இரண்டு மணி நேரம் எழுதினார்.

மயக்க மருந்து டாக்டர் இளம்பெண். படித்துக்கொண்டே வந்தவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“சார், இதெல்லாம் நீங்களே எழுதினதா?”

“ஆமா டாக்டர். இடம் போதலை, தனித்தாள் ரெண்டு சேர்த்திருக்கேன்.”

“‘இரண்டாம் மாடித் திருப்பத்தில் பதினோரு வினாடி நிற்க நேர்கிறது’... பதினோரு வினாடியா?”

“அது சராசரி.”

“யார் சார் இப்படி எழுதுவா? எல்லாரும் நார்மல்னு போட்டுடுவாங்க.”

“அப்படிப் போட்டவங்க பாரத்தைத்தான் டாக்டர் முப்பத்திநாலு வருஷம் நான் திருப்பி அனுப்பிட்டிருந்தேன்.”

டாக்டர் பெருமூச்சு விட்டு இதயத்துக்கு ஒரு ஸ்கேன் எழுதினார். ஸ்கேனும் அவர் பக்கமே சாட்சி சொன்னது: இதயம் கொஞ்சம் சோம்பேறிதான். ஆபரேஷனை நிறுத்தத் தேவையில்லை, ஆனால் எழுதாமலும் விட முடியாது. சிவப்புப் பேனாவால் பாரத்தின் தலையில் கோணலாக எழுதினார்: ஹை ரிஸ்க்.

ரிஸ்க் சார் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “முத்திரை ஒண்ணு செஞ்சு வெச்சுக்கலாமே டாக்டர். கை வலிக்காது” என்றார்.

அந்த இரண்டு வார்த்தைகளோடு இன்னொரு பாரம் ஒட்டிக்கொண்டு வந்தது. விளைவுகளைப் படித்துப் புரிந்துகொண்டேன் என்று நோயாளியும், நெருங்கிய உறவினரோ நெடுநாள் நண்பரோ ஒருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஆஸ்பத்திரியின் வழக்கம் அது. சாயங்காலம் ஆறு மணிக்குள் வராவிட்டால் புதன்கிழமை பட்டியலில் பெயர் இருக்காது.

“வீட்ல யாரையாவது வரச் சொல்லுங்க சார்” என்றார் நர்ஸ்.

அவர் பேனாவை மூடினார். நர்ஸ் பாரத்தைப் புரட்டி, ‘அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண்’ என்ற இடத்திலிருந்த எண்ணைப் போட்டுப் பார்த்தார். மணி அடித்துக்கொண்டேயிருந்தது. அது அவர் வீட்டு எண்தான். பூட்டிய வீட்டில், செய்தித்தாள் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பக்கத்தில், யாரும் எடுக்காமல் அடித்தது.

இப்படித்தான் அவர் பச்சைச் சட்டையோடு தெருவுக்கு வந்தார்.

முதலில் போனது பழைய அலுவலக கேஷியர் வீட்டுக்கு. இருபது வருஷம் ஒரே மேஜையில் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டவர்கள். கேஷியர் ஃபைலைத் திறந்தார், சிவப்பு எழுத்தைப் பார்த்தார், மூடினார்.

“இதுக்கு என்னய்யா அர்த்தம்? நீதானே இதுல பண்டிதன், சொல்லு.”

“சாதாரணமா நூறு பேர்ல ஒருத்தருக்கு வர்ற சிக்கல், என்னை மாதிரி ஆளுங்கள்ல நூத்துக்கு நாலு பேருக்கு வரலாம். மீதி தொண்ணூத்தாறு பேரு கண்ணு முழிச்சுக் காபி கேப்பாங்க.”

“அந்த நாலுல நீ ஒருத்தன்னா?”

“அது யாருக்கும் தெரியாது. தெரிஞ்சுட்டா அதுக்குப் பேரு ரிஸ்க் இல்ல.”

“அப்ப நான் கையெழுத்துப் போட்டு, நாளைக்கு நீ போய் அந்த நாலு பேரோட நின்னுட்டா? நாந்தானே அனுப்பி வெச்ச மாதிரி ஆகும்! வேணாம்யா, எனக்குத் தூக்கம் போயிடும். வேற எது வேணாலும் கேளு. ஃபிளாஸ்க் தரட்டுமா? ஆஸ்பத்திரியில வெந்நீருக்கு ஆகும்.”

ரிஸ்க் சார் ஃபிளாஸ்க்கை வாங்கிக்கொண்டார். ஃபைலும் ஃபிளாஸ்க்குமாகக் குடியிருப்புக்கு வந்தார். வாட்ச்மேன் விஷயத்தைக் கேட்டு, அந்தக் கணமே காதில் செருகியிருந்த பேனாவை எடுத்தார்.

“அண்ணன்னு எழுதி நானே போட்டுடறேன் சார். யார் வந்து பாக்கப்போறா?”

“உனக்கு என்ன வயசு?”

“நாப்பத்தி நாலு.”

“அறுபத்திரண்டுக்கு நாப்பத்தி நாலு அண்ணனா?”

“சரி, தம்பி.”

“பொய்த் தகவல் கொடுத்தா பாரமே செல்லாதுய்யா.”

“நீங்க போயிட்டா மட்டும் செல்லுமா சார்?”

நியாயமான கேள்வி. ஆனால் பாரத்தில் பொய் எழுத அவருக்குக் கை வராது. எந்தச் சங்கடத்திலும் வராது. வாட்ச்மேன் மனசு கேட்காமல் இஸ்திரிக் கடைக்காரரிடம் சொன்னார், இஸ்திரிக் கடைக்காரர் முதல் மாடியில் சொன்னார். வதந்தி அங்கிருந்து தானாகப் படியேறியது. எல்லோருக்கும் விஷயம் தெரிந்தது. யாரும் கதவைத் திறந்து ‘நான் வரட்டுமா?’ என்று கேட்கவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அந்த வார்த்தைக்கு அவர்கள் அறிந்த அர்த்தம் ஒன்றுதானே.

மூன்று மணி வெயிலில் அவர் ஏழு தெருவையும் நடந்து கடந்தார். தங்கை வீட்டுத் தெருமுனையில் நின்றார். திரும்பினார். அதற்கு அடுத்த சாலையில் ஒரு பத்து மாடிக் கட்டடம், பாதி வெள்ளை, பாதி அழுக்கு. அதன் ஆறாம் மாடி உயரத்தில் ஒரு பலகை, பலகையில் ஒரு பக்கெட், பக்கெட்டுக்குப் பக்கத்தில் தங்கையின் கணவர். எந்தக் கட்டடத்தில் வேலை என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அவர் யாரிடமும் கேட்கவும் இல்லை. நேராக வந்து எதிர்க்கடை வாசலில், பழக்கப்பட்ட இடத்தில் நிற்பவர் போல நின்றார்.

பலகை இறங்கத் தொடங்கியது. தரையைத் தொட்டதும் பெயிண்டர் இடுப்பு பெல்ட்டை அவிழ்த்துவிட்டு ரோட்டைத் தாண்டி வந்தார்.

“என்ன மச்சான், கையில புதுசா வளையல் எல்லாம்?”

பதினோரு வருஷத்துக்குப் பிறகு முதல் வார்த்தை இது. ரிஸ்க் சார் ஃபைலை நீட்டினார். விரலைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு பெயிண்டர் நிதானமாகப் படித்தார். சிவப்பு எழுத்துக்கு வந்ததும் சிரித்தார். கடைக்காரர் எட்டிப் பார்க்கும்படி சிரித்தார்.

“உங்களுக்கேவா மச்சான்?”

“விதிமுறைன்னா விதிமுறைதான் மாப்ளே.”

“போன வாரம் இதே இடத்துல நின்னு என் கயித்தைப் பாத்துட்டுப் போனீங்களே. அதுக்கு முந்தின மாசம் பஸ் டிப்போகிட்ட.”

“யார் சொன்னா?”

“யார் சொல்லணும்? மேலேருந்து பாத்தா எல்லாம் தலைதான் மச்சான். எல்லாத் தலையும் ஓடும். ஒரே ஒரு வழுக்கை மட்டும் பத்து நிமிஷம் அசையாம நிக்கும்.”

ரிஸ்க் சார் தொண்டையைச் செருமினார். “இடது பக்கக் கயித்துல நூல் பிரிஞ்சிருந்தது.”

“மாத்திட்டேன்.”

“தெரியும். பாத்தேன்.”

பிறகு கையெழுத்து விஷயத்தைச் சொன்னார். நூற்றில் ஒன்று, நூற்றில் நாலு, மீதி தொண்ணூற்றாறு காபி என்று அந்தப் பாடத்தையும் ஒப்பித்தார். கடைசியாக, ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டே, “தங்கச்சி வருவாளா?” என்று கேட்டார்.

பெயிண்டர் நகத்தில் காய்ந்திருந்த வெள்ளையைச் சுரண்டினார்.

“அவளுக்குப் பாலிசி கோவம் இல்ல மச்சான். அந்த லெட்டர் வர்றதுக்கு முன்னாடி, நான் வேலைக்குக் கிளம்பினா கதவைச் சாத்திட்டு நிம்மதியா தூங்குவா. வந்த நாள்லேருந்து நாலு மணி ஆனா ஜன்னல்கிட்ட போய் நிக்கறா. இத்தனை வருஷத்துல நான் ஒரு தடவைகூட விழல. அவ மனசுக்குள்ள தினம் ஒரு தடவை விழுந்துட்டிருக்கேன்.”

“நான் எழுதினது தப்பில்லையே மாப்ளே.”

“யார் தப்புன்னா? வீட்டுக்கு வந்து வாயால சொல்லியிருக்கலாம்ல. இப்பச் சொன்னீங்களே அந்தத் தொண்ணூத்தாறு கதை, அதையும் சேத்து.”

ரிஸ்க் சாரிடம் எல்லாவற்றுக்கும் தனித்தாள் இருந்தது, இதற்கு இல்லை. மணி நாலாகிக்கொண்டிருந்தது. அடுத்த தெருவில் ஒரு ஜன்னல் திறந்திருக்கும் நேரம்.

“சரி, நான் போடறேன்” என்றார் பெயிண்டர். “சும்மா இல்ல. உடம்பு தேறினதும் ஒரு நாள் என் பலகையில பக்கத்துல உக்காரணும். ரெண்டாம் மாடி உயரம் போதும். உக்காந்து பாக்காமலே எழுதிட்டீங்க, இல்ல?”

ரிஸ்க் சார் பலகையைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், கயிறு கட்டியிருந்த மொட்டை மாடியைப் பார்த்தார்.

“பெல்ட் உண்டா?”

“உண்டு.”

“சரி.”

ஒரே ஒரு கேள்வியோடு அவர் ஒன்றுக்கு ஒப்புக்கொண்டது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

ஆறுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது இருவரும் வார்டுக்குள் நுழைந்தார்கள். “படிச்சுப் பாத்தீங்களா? அர்த்தம் புரிஞ்சுதா?” என்று நர்ஸ் கேட்டார். “எனக்கு வந்த வார்த்தைதான்மா. பதினோரு வருஷமா அதோடதான் இருக்கேன்” என்றார் பெயிண்டர். பாரத்தின் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கட்டைவிரல் ரேகை விழுந்தது. உறவு என்ற கட்டத்தில் ‘தங்கையின் கணவர்’ என்று ரிஸ்க் சாரே தெளிவாக எழுதினார்.

பயந்தாரா என்பதற்கு அந்த நர்ஸ் சொன்னதைவிட நல்ல சாட்சி கிடைக்கவில்லை. “முதல் நாள் காலையில நான் ஃபோன் போட்டேன் பாருங்க, அப்ப அவர் முகத்தைப் பாக்க முடியல. மறுநாள் தியேட்டருக்குத் தள்ளிட்டுப் போறப்ப நல்லாத்தான் இருந்தார். டிராலி சக்கரத்துல ஒண்ணு லூசா இருக்குன்னு சொன்னார். லூசாத்தான் இருந்தது.”

கல் வெளியே வந்தது. அவர் தொண்ணூற்றாறு பேரோடு சேர்ந்து கண் விழித்தார். காபி கேட்டார், கொடுக்கவில்லை. வார்டில் இருந்த மூன்று நாளும் பெயிண்டர் வேலை முடிந்து பத்து நிமிஷம் வந்து போனார். கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலி மற்ற நேரமெல்லாம் சும்மா இருந்தது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் ரிஸ்க் சார் திரும்பிப் பார்ப்பார். அடுத்த கட்டில்காரருக்கு யாராவது வந்திருப்பார்கள். டிஸ்சார்ஜ் ஆன மறுநாளே ஃபிளாஸ்க்கைக் கழுவிக் காயவைத்துக் கேஷியருக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். பாக்கி வைப்பது அவருக்கு ஆகாது.

டாக்டர் சொன்ன ஆறு வாரம் முடிந்த சனிக்கிழமை பெயிண்டர் ஃபோனில் கூப்பிட்டார். “மச்சான், பலகை ரெடி.”

“வந்து ஒரு பாரத்தை வாங்கிட்டுப் போ மாப்ளே” என்றார் ரிஸ்க் சார்.

நாலு பக்கம். வயது, எடை, இதயத்தின் சோம்பல், கயிற்றின் தடிமன், தரையிலிருந்து உயரம். தலைப்பில் தன் கையாலேயே ஹை ரிஸ்க் என்று எழுதியிருந்தார். கடைசியில் நெருங்கிய உறவினர் கையெழுத்துக்கு ஒரு கோடு.

“இதை நானே போட்டுடறேனே.”

“பலகை உன்னோடது. நீ போட்டா செல்லாது. ரத்த உறவுதான் போடணும்.”

கூடவே ஒரு தனித்தாள் இணைத்திருந்தார். அதில் கட்டமில்லை, எண் வரிசையில்லை. அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம், என்ன அர்த்தம் இல்லை, நாலு பேர் யார், தொண்ணூற்றாறு பேர் யார் என்று சின்னப் பெண்ணுக்குச் சொல்வது போல எழுதி, ‘இதை நான் அன்றைக்கே வந்து சொல்லியிருக்க வேண்டும்’ என்று முடித்திருந்தார். பெயிண்டர் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

ஐந்து வாரம் ஆகிறது. சனிக்கிழமைதோறும் ஃபோன் வருகிறது. செய்தித்தாளை எடுத்துவிட்டு, காலியாக வைத்திருக்கிற அந்த இரண்டாவது நாற்காலியைப் பார்த்தபடி ரிஸ்க் சார் பேசுகிறார்.

“என்னாச்சு மாப்ளே?”

“ஃபிரிட்ஜ் மேலேயே இருக்கு மச்சான். காத்துல பறக்காம இருக்க எண்ணெய் பாட்டிலைத் தூக்கி மேல வெச்சிருக்கா.”

“படிச்சாளா?”

“தெரியல. கிழிக்கல.”

“சரி.”

“பலகை அப்படியேதான் தொங்குது. நீங்கதான் பாக்கி.”